மஞ்சளில் மின்னிய நீரேற்று நிலையம்

கோவில் சுவரில் ஓரங்குலம் விடாமல் எழுதித் தள்ளிய எகிப்தியர்கள் ஒரே ஒரு வசதியைச் செய்ய மறந்துவிட்டார்கள்: மன்னர் பெயரைத் தேடினால் அது மட்டும் பளிச்சென்று மின்னாது. நாலாயிரம் ஆண்டுகளாக நாகரிகம் சுமந்த இந்த அவமானத்தைத் துடைக்கும் பொறுப்பு, நைல் கழிமுகத்தின் ஒரு குடிநீர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதாவது, அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வகீஹின் தலையில் விழுந்தது.

வகீஹ் பதினோரு ஆண்டுகளாகத் 'தற்காலிக' ஊழியர். அந்தத் தற்காலிகத்துக்குள் அவருக்குக் கல்யாணமாகி, இரண்டு பெண்கள் பிறந்து, தலையும் வழுக்கையாகிவிட்டது.

"வெப்சைட்ல தேடுற சொல்லு மட்டும் பளிச்சுன்னு மின்னணும்," என்றார் இயக்குநர் ஷவ்கி. "வியாழக்கிழமை துணைச் செயலாளர் ரஃப்அத் பெய் வர்றார். அவர் மனசு குளிர்ந்தா நீ நிரந்தரம். குளிரலேன்னா வெள்ளிக்கிழமையிலேர்ந்து வீட்ல பட்டாணி உரிக்கலாம்."

"ஆகட்டும், பஷ்முஹந்திஸ்." பொறியாளர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், பொறியாளர் அல்லாத ஷவ்கியையும். அதற்கும் மேலே உள்ளவர்கள் 'பெய்', இன்னும் குளிர்விக்க வேண்டுமானால் 'பாஷா'.

வேலை அரை மணி நேரம். நிறத்தைத் தீர்மானிக்கும் 'உயர்மட்டக் குழு' ஒன்பது நாள் கூடியது.

"சிவப்பு," என்றார் கணக்குப் பிரிவு மேடம் இஹ்ஸான்.

"உங்க கால்பந்து அணிச் சட்டைய வெப்சைட்டுக்கும் மாட்டணுமாக்கும். வெள்ளை," என்றார் ஷவ்கி.

"பக்கமே வெள்ளைங்க," என்றார் வகீஹ். "வெள்ளையில வெள்ளை தெரியாது."

"எங்க வெள்ளைச் சட்டை அணியும் இந்த வருஷம் அப்படித்தான்னு குத்திக் காட்டுறியா?"

பச்சை போர்ட் சயீத் அணியுடையது, அதுவும் போயிற்று. மஞ்சள் இஸ்மாயிலியா அணியின் நிறம். அதற்கு அலுவலகத்தில் ஒரு ரசிகரும் இல்லாததால் 'நடுநிலையான வண்ணம்' என்று ஒருமனதாக நிறைவேறியது.

வியாழனன்று ரஃப்அத் பெய் வந்தார். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, தாமே ஒரு கிராமத்தின் பெயரைத் தட்டினார்: கஃப்ர் அத்-தூத். திரை தகதகத்தது. 'கஃப்ர் அத்-தூத் நீரேற்று நிலையம் திறப்பு.' ஏழு ஆண்டு, ஏழு செய்தி, ஒரே நிலையம். ஏழு படத்திலும் அதே சுவர். ரிப்பன் மட்டும் புதிது.

ஏழையும் தளத்தில் ஏற்றியவர் வகீஹ்தான். படித்துப் பார்க்கச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை.

ரஃப்அத் பெய் விரல் விட்டு எண்ணினார். "திறந்து வச்சவங்கள்ல என் பேரு எத்தனை?"

"ரெண்டு, பெய்," என்றார் வகீஹ்.

"ஷவ்கி பேரு?"

"அஞ்சு."

"ஷவ்கி, நான் உனக்கு மேலதிகாரிதானே?"

"சத்தியமா, பாஷா."

"அப்புறம் நீ எப்படி என்னைவிட மஞ்சளா இருக்க?"

நிர்வாகம் அநீதியைப் பொறுக்காது. அந்த நிலையத்தை ரஃப்அத் பெய்யின் திருக்கரங்களால் இவ்வாண்டே மேலும் நான்கு முறை திறப்பதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. நான்கு விழாவையும் தளத்தில் ஏற்ற ஆள் வேண்டுமே. வகீஹ் நிரந்தரமானார்.

ஆணை தட்டச்சாகி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அவர் தேடல் பெட்டியில் 'மோட்டார்' என்று தட்டினார். ஏழு செய்தியிலும் ஓர் எழுத்துகூட மஞ்சளாகவில்லை. 'அப்படி எதுவும் இல்லை' என்றது திரை. அந்த இணையதளம் பிறந்ததிலிருந்து சொன்ன முதல் உண்மை அது.

ஷவ்கி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னய்யா கோளாறு இது? கையெழுத்தப் போட்டுட்டு மொதல்ல இதச் சரி பண்ணு."

வகீஹ் கையெழுத்துப் போட்டார். செய்திகளில் அந்தச் சொல்லைச் செருகிச் சரியும் பண்ணினார். இன்று யார் தேடினாலும் ஏழு செய்தியிலும் 'மோட்டார்' மஞ்சளாக மின்னுகிறது. கஃப்ர் அத்-தூத்துக்காரர்கள் அதைக் கைபேசியில் கண்டு மகிழ்ந்துவிட்டு, தண்ணீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறார்கள்.