நிழல் சாயபு திறந்த ஜன்னல்

மாலை நாலு இருபதுக்குத்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தச்சுக் கொட்டகையில் என் மகன் ரத்தினத்தின் உளி வழுக்கி, மரத்தைப் பிடித்திருந்த வலது கையைக் கிழித்தது. கட்டைவிரல் இனி மடங்குமா என்பது சில நாள் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஆனால் நான் சொல்ல வந்தது நிழல் சாயபுவைப் பற்றி.

ஆம்பூரில் எந்த வீட்டுக்குள் எந்த வழியாக நுழைவது என்று சூரியனே அவரைக் கேட்டுத்தான் நடந்தது. தோல் பதனிடும் ஷெட்டுகளில் தரம் பிரிக்கும் அறைக்கு வடக்கே மட்டும்தான் ஜன்னல் வைப்பார்கள். அந்த வெளிச்சத்தில்தான் தோலின் குறை ஒளியாது. அந்த ஜன்னல்களுக்கு இடம் குறிப்பது அவர் தொழில். மற்ற இடங்களில் அதுவே அவர் பைத்தியம். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் மூக்கு நிழல் மீசைமேல் விழுகிறதென்று காஸ் விளக்கை ஒன்பது முறை இடம் மாற்ற வைத்தார். பிரியாணி ஆறிப்போனது. பெண்ணின் மாமா கடைசியில் சாயபுவையே இடம் மாற்றிவிட்டார்.

ரத்தினம் பூட்ஸ் தைப்பதற்கான மர அச்சுகளை வீட்டிலேயே செதுக்க விரும்பினான். கொட்டகைக்கு வெளிச்சம் திட்டமிட சாயபுவைக் கூப்பிட்டேன். மூன்று நாள் சாக்குக்கட்டியோடு உள்ளே உட்கார்ந்துவிட்டார். ஓட்டுச் சந்தில் இறங்கிய வெயில் தரையில் ஊர்ந்தது. அவரும் பின்னாலேயே ஊர்ந்து மணிக்கொரு கோடு போட்டார். பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு, அந்த அசையும் வெளிச்சத்தில் கொட்டகையே ஆற்றுக்கு அடியில் கிடப்பதுபோலத் தோன்றியது. அன்று நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்தது மறந்தேபோனது.

“தோலுக்கு நிழல் ஆவாது டீச்சரம்மா. மரத்துக்கு வேணும். வெளிச்சம் சாஞ்சு பட்டாத்தான் மேடு பள்ளம் தெரியும்” என்றார். ராத்திரி விளக்கை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியேதான் மாட்ட வேண்டுமாம். மரத்தூளும் மண்ணெண்ணெயும் ஒரே அறையில் தங்கினால் அவருக்குத் தூக்கம் வராதாம்.

பிறகு கேட்டார்: “தம்பிக்கு எந்தக் கை?”

“வலது கை” என்றேன்.

ரத்தினம் என்னைப் பார்த்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஐந்து வயதில் அவனுடைய இடது கையில் ஸ்கேலால் அடித்தவள் நான்தான். சோறும் எழுத்தும் வலது கைக்கு மாறிவிட்டன, உளி மாறவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அவன் இடதுகைக்காரன் என்று வெளியாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலதுகைக்காரனுக்கென்று சாயபு பெஞ்சுக்கு இடப்பக்கம் ஜன்னல் திறந்தார். உளி வழுக்கிய அன்று, சாயங்கால வெயில் தாழ்ந்ததும், உளி பிடித்த இடது கையின் நிழலே அவன் போட்ட கோட்டை மூடியது.

ஆலங்காயத்தில் வேலையாயிருந்த சாயபுவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வரும்வரை மகனின் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, கஞ்சித் தம்ளரைத் தொட்டபோது கட்டைவிரல் லேசாக மடங்கியது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அன்று மத்தியானம் சாயபு வந்து சேர்ந்தார். ஸ்கேல் அடி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடுவே அடி வைத்து அளந்தார். சுவரை இடிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கும்மா? பெஞ்சைத் திருப்பிப் போட்டா ஜன்னல் தம்பிக்கு வலப்பக்கம் வந்துடும்” என்றார். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். “தம்பி, நீ இடது கையால இந்த மூலையத் தூக்கு. டீச்சரம்மா, நீங்க அந்தாண்ட வந்து பிடிங்க.”