வட்டத் தொட்டிக்கு ஈசானிய மூலை

உலகம் உருண்டையாக இருப்பதையே ரசமட்டம் ஒரு வேலைக் குறையாகத்தான் கருதினார். "எவன் பாத்த வேலையோ, ஒரு எடத்துலயும் மட்டம் நிக்கல" என்று அவர் சலித்துக்கொண்டதை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நானே கேட்டிருக்கிறேன்.

அவர் கொத்தனார். சுவரும் தரையும் நேராக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே குமிழி ஓடும் ஒரு சின்னக் கோல் உண்டல்லவா, ரசமட்டம் என்று? அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே அதன் காலுக்கடியில் செங்கல் சில்லைச் செருகுவார். கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்கு முன்பே மேசையில் கோலை வைத்துப் பார்த்து, "ரசம் அந்தப் பக்கந்தான் ஓடும், நீங்க இங்க வந்துருங்க" என்று ஆட்களை இடம் மாற்றுவார். ஒரு புதுமனை புகுவிழாவில் மொய்க் கவரை நீட்டிக்கொண்டே, "நெலை ஒரு நூல் சாஞ்சிருக்குங்க" என்று அந்த எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை வீட்டுக்காரரிடம் சொல்லி, பாயசம் வருவதற்குள் வெளியேற்றப்பட்டார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டால், "கண்ணுக்குத் தெரியறத எப்படிங்க இல்லேங்கறது?" என்பார். மனுசனுக்குப் பொய் மட்டும் வராது.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் ஒரு நீச்சல் குளத்தை இடம் மாற்றித் தரும் வேலையைக் கொடுத்தேன்.

எனக்கெதற்கு நீச்சல் குளம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஸ்கூட்டியில் போகும்போது ஜல்லியில் சறுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, திருச்சியில் ஆபரேஷன் ஆனது. எலும்பு கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. வாக்கரை விடு என்றாலே கண் கலங்கிவிடும். மார்பளவு தண்ணீரில் நடக்கச் சொல்லுங்கள், உடம்பின் கனம் தெரியாது, தைரியம் வந்துவிடும் என்றார் டாக்டர். எங்கள் பக்கம் மார்பளவு தண்ணீர் என்றால் ஏரிதான், அதில் எருமைக்கே கால் வழுக்கும். ஒரு மாதத்துக்குள் நடக்காவிட்டால் வாக்கர் நிரந்தரம் என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை.

லப்பைக்குடிக்காட்டில் என்னுடன் படித்த பாய் ஒருவர், துபாயிலிருந்து திரும்பும்போது பிள்ளைகளுக்காக ஒரு குளம் கொண்டுவந்திருந்தார். பள்ளம் தோண்ட வேண்டாம். தரைக்கு மேலேயே இரும்புக் கால்களில் நிற்கும் வட்டமான பெரிய தொட்டி. பிள்ளைகள் ஒரு லீவில் குளித்துச் சலித்துவிட்டார்கள். "எடுத்துட்டுப் போ மச்சான். தங்கச்சி நடந்தா போதும், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

ரசமட்டம் அங்கே போனதும் முதல் வேலையாகக் கோலை வைத்துப் பார்த்தார். "நாலு நூல் எறக்கத்துல நின்னுருக்கு. இதுலயா பாய் புள்ளைங்கள விட்டீங்க?"

"அஸ்தஃபிருல்லாஹ். இது தெரியாம மூணு வருசம் நிம்மதியா தூங்கியிருக்கேன்" என்றார் பாய்.

தொட்டியோடு வந்த படம் போட்ட புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் பாயிடமே திருப்பிக் கொடுத்தார் ரசமட்டம். "படத்துல தரை நேரா இருக்குங்க. அந்த ஊருக்கு இது சரி."

தண்ணீரைத் தென்னைகளுக்குத் திருப்பிவிட்டு, கால்களைக் கழற்றி, நீலத் தொட்டியைச் சுருட்டினோம். தூசி படாமலிருக்கப் பாய் ஒரு வெள்ளை வேட்டி கொடுத்தார். அதைச் சுற்றி மூன்று இடத்தில் கயிறு கட்டிக் குட்டியானை வண்டியில் கிடத்தினோம். எங்கேயாவது நசுங்கிவிடுமோ என்ற கவலையில் ரசமட்டம் அதன் தலைமாட்டில் தாடைக்குக் கை கொடுத்து உட்கார்ந்துகொண்டார். அரியலூர் தாண்டி டீக்கு நிறுத்தினோம். ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ரொம்ப நாளா கெடையாங்களா?"

"மூணு வருசமா சும்மாதாங்க கெடந்துச்சு. பாத்துக்க ஆளில்ல" என்றார் ரசமட்டம்.

"எப்ப எடுக்குறீங்க?"

"எடுத்தாச்சுங்க. சாயங்காலம் ஜெயங்கொண்டத்துல எறக்கிருவோம்."

டீக்கடைக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை. எதற்கு இந்த மரியாதை என்று ஜெயங்கொண்டம் வரும்வரை ரசமட்டத்துக்குப் புரியவில்லை.

எங்கள் கொல்லையில் தரையை மட்டமாக்க ஐந்து நாள் ஆனது. செம்மண்ணைச் செதுக்குவார், மணல் தூவுவார், குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தண்ணீர் நிரப்பிய ட்யூபின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "சார், மூச்சு விடாதீங்க, தண்ணி ஆடுது" என்பார். ஐந்தாம் நாள் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தார். அது எந்தப் பக்கமும் உருளாமல் அப்படியே நின்றது. அவர் முகத்தில் அன்று இருந்த திருப்தியை அவர் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நவதானியம் வாங்கி வரச் சொன்னார்.

"இது தொட்டிங்க, கட்டடமா?" என்றேன்.

"நிக்கிறதெல்லாம் கட்டடந்தான் சார். ஈசானிய மூலையில தானியம் போடாம நான் எதையும் நிறுத்துனதில்ல."

"வட்டத்துக்கு ஏதுங்க மூலை?"

"இருக்கும் சார். நம்ம கண்ணுக்குத்தான் தெரியல." வடக்கே நாலு தப்படி, கிழக்கே நாலு தப்படி நடந்து, ஐந்து நாள் இழைத்த தரையில், ஒரு கால் நிற்க வேண்டிய இடத்தில் தன் கையாலேயே முழங்கை ஆழம் தோண்டினார். தானியம் போட்டு, பால் ஊற்றி, மண்ணை மூடி, மேலேயும் ஒரு பிடி தானியம் தூவிக் கும்பிட்டார்.

தொட்டி எழுந்தது. தண்ணீர் நிரம்பியது. முதல் நாள் மனைவி ஏணியைவிட்டு இறங்காமலே அழுதாள். அப்புறம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். எட்டாம் நாள் கையை விட்டு நாலு அடி வைத்தாள். நான் வீட்டுக்குள் ஓடிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் வந்த ரசமட்டம் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் வடகிழக்குப் பக்கம் விளிம்புக்கு ஏறியிருந்தது, எதிர்ப்பக்கம் இறங்கியிருந்தது. மண் மூடிய குழி பாரத்தில் அமுங்கி, அதன் மேல் நின்ற கால் இறங்கிவிட்டது. காலுக்குப் பக்கத்தில் பயறும் மொச்சையும் பச்சென்று முளைத்து நின்றன. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"டீச்சர், மேல வந்துருங்க. மூணு வெரக்கட சாஞ்சிருக்கு. தண்ணிய எறக்கிட்டு ஒரு வாரத்துல திரும்ப நிறுத்தித் தரேன்."

"நான் வரலங்க" என்றாள் அவள் தண்ணீருக்குள் இருந்தபடியே. "நேத்துதான் கைய விட்டேன். இப்ப எறக்குனீங்கன்னா மறுபடி எனக்குத் துணிச்சல் வராது. சாஞ்சா சாஞ்சிட்டுப் போவுது."

ரசமட்டம் கொல்லையைச் சுற்றிக் கல் தேடினார். பிறகு ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து அந்தக் காலுக்கு அண்டை கொடுத்தார். இனி இறங்காது என்று சாயங்காலம்வரை இருந்து பார்த்துவிட்டு, கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன்பின் தினமும் வருவார். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "எத்தன சுத்து டீச்சர்?" என்று மட்டும் கேட்பார். திரும்பிப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை.

மூன்றாம் வாரம் அவள் ஏணியிலிருந்து இறங்கி, துண்டைப் போர்த்திக்கொண்டு, வாக்கரைத் தொடாமல் கொல்லைக் கதவுவரை நடந்தாள். பன்னிரண்டு அடி. வலது கால் கொஞ்சம் இழுத்தது, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் போய் வந்தது. கதவைப் பிடித்துத் திரும்பியவள் என்னைக் கேட்கவில்லை. நான் ஆறுதலுக்குச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க சொல்லுங்க, நடை சாயுதா?" என்று ரசமட்டத்தைக் கேட்டாள்.

அவர் எழுந்து நின்று அவளுடைய கால்களையே பார்த்தார்.

"இல்லீங்க டீச்சர். நேராத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பிரியம் இன்னும் ஒரு நூல்கூடக் குறையவில்லை.