சுவிட்சர்லாந்துக் கோட்டு

முடிவு பண்ணிவிட்டேன். அந்த அழகரே ஆற்றில் இறங்காமல் என் வாசலில் வந்து நின்று தடுத்தாலும் சரி, நான் சுவிட்சர்லாந்து போவது போவதுதான்!

எண்பதாம் வருஷத்து மதுரையில், செல்லூர் விசைத்தறிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டிப்ளமாக்காரன் நான். சுவிட்சர்லாந்துத் தறிக் கம்பெனி ஒன்று எங்கள் பட்டறையில் ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தது. தகுதியுள்ளவர்கள் இரண்டு பேர். நான், அப்புறம் என் மச்சினன் மருது. அவனுக்கு விட்டுக்கொடுக்க நானென்ன இளிச்சவாயனா?

"நம்ம ரூவாய்க்கு மாசம் பதினெட்டாயிரம் சம்பளம்டி!" என்றேன் மனைவி ஜெயக்கொடியிடம். என்னைப் பிரிய மாட்டேன் என்று அழுவாள் என எதிர்பார்த்தேன்.

"போயிட்டு வாங்க. அங்கிட்டுக் குளிருமாம்ல? வில்லாபுரம் டெய்லர்ட்ட கோட்டு தைக்கக் குடுத்துட்டேன்."

கோட்டு வந்தது. தோள் தொளதொளவென்று தொங்கியது. கை, விரல்களையும் சேர்த்து மூடியது.

"என்னடி இது?"

"பாலும் வெண்ணெயுமாத் தின்னா ஊதிருவீங்க. அப்பச் சரியா இருக்கும்."

என்ன முன்யோசனை! பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்ட என் நான்கு தங்கச்சிகளும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். வருகிற மாசியில் அவர்கள் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என் தலையில்.

"பதினெட்டாயிரம் சம்பளமாம்ல! மதினி சொன்னாக," என்றாள் மூத்தவள் சீனியம்மாள். "இனிமே அரைப்பவுன் தோட்டோட வந்தா ஊரு சிரிக்கும்ணே. புள்ளைக்கு அஞ்சு பவுன் சங்கிலி போட்ருங்க."

"எம்புள்ளைக்கும்!" என்றனர் மற்ற மூவரும்.

"அடியேய், அங்க வாடகையே நாலாயிரம்! காப்பி எட்டு ரூவா! முடிவெட்ட எம்பது ரூவா!"

"எவனோ முடிவெட்ட எம்பது குடுப்பீக, கூடப்பொறந்தவளுக்குக் குடுக்க மாட்டீகளாக்கும்?"

"முடிய வளக்கச் சொல்லுக்கா," என்றாள் கடைசித் தங்கச்சி. "அம்புட்டும் மிச்சம். வளையலும் கேக்கலாம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"ஒரு குண்டுமணி தர மாட்டேன்! நான் சுவிட்சர்லாந்துக்கே போகலை! இப்ப என்னடி செய்வீங்க?"

அரைப்பவுனே போதும் என்று முணுமுணுத்தபடி நால்வரும் கிளம்பினார்கள். வென்றுவிட்டேன்! மீசையை முறுக்கிக்கொண்டு ஜெயக்கொடியைப் பார்த்தேன்.

"அப்ப என் தம்பி மருது போகட்டும்ங்க," என்றாள். "அவனுக்குக் கூடப்பொறந்தவ நான் ஒருத்திதான். நம்ம மகளுக்கும் இன்னும் காது குத்தலைல்ல?"

சாயங்காலம் மருது வந்து கோட்டைப் போட்டுப் பார்த்தான். தோளும் கையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தன. டெய்லர் மீது ஒரு தப்பும் இல்லை.