காருக்குப் போட்ட கொட்டாய்

"வர்ற ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசைக்கு என் கார்லதான் வருவேன். இல்லேன்னா என் பேரு அற்புதராஜ் இல்லை!"

மரக்காணம் கடைத்தெருவுல, நாலு பேர் சிரிக்கச் சிரிக்க, இப்படிச் சபதம் போட்டுட்டேன். வாய் சும்மா இருக்குதா?

பாண்டிச்சேரியிலிருந்து கப்பலேறின பிரெஞ்சுக்காரன் வித்துட்டுப் போன பழைய கார். பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அந்தப் பெருமைதான் என் கழுத்தை அறுக்குது. டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர், பிடிச்சா விடமாட்டேங்குது. என் பொண்டாட்டி அன்னமேரியும் அதே ரகம்தான்.

கழட்டினேன். பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். சக்கரம் பம்பரமாச் சுத்துச்சு. ரெண்டே நாள், மறுபடியும் கவ்விக்கிச்சு!

பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் வேலி மேல எட்டிப் பார்த்தான்.

"ஏம்பா, மாட்டுவண்டி பூட்டட்டுமா?"

"போய்யா, வயித்தெரிச்சலைக் கிளப்பாத!"

திரும்பவும் காருக்கு அடியில படுத்தேன். மூக்கு மேல சொட்டுன்னு ஒரு துளி. நக்கிப் பார்த்தா உப்பு! எழுந்து பார்த்தேன். காரோட டிக்கி மூடி மேல பாய் விரிச்சு, உப்புப் போட்ட மீன் வரிசையாப் படுத்திருக்குது. அந்தத் தண்ணிதான் சக்கரத்துல ஒழுகுது.

"அடியே அன்னமேரி! என்னடி இது?"

"கருவாடுங்க."

"அது தெரியுதுடி! என் பிரேக் நாசமாப் போவுது!"

"தரையில போட்டா நாய் தூக்கிட்டுப் போவுது. கருவாடு வைக்க ஒரு கொட்டாய் போடுங்கன்னு வருஷக்கணக்காக் கெஞ்சுறேன், போட்டீங்களா?"

"கருவாட்டுக்குக் கொட்டாயா? என் உசுரு இருக்கிறவரை நடக்காது!"

ஒரு மீனைப் புரட்டிப் போட்டா. அப்புறம் ரொம்பப் பதவிசா, "சரிங்க. ஆனா பாண்டிச்சேரியில காருக்கெல்லாம் கொட்டாய் போடுறாங்களாமே? உப்புக்காத்தே அண்டாதாம்" என்றாள்.

அட! காருக்கு! இது ஏன் எனக்குத் தோணாமப் போச்சு?

கொல்லை மேட்டுல கம்பு நட்டேன். கீத்து வேய்ஞ்சேன். கை பூராக் கொப்புளம். சனிக்கிழமை காலிப்பரை மறுபடி தேய்ச்சு மாட்டி, காரை உள்ள விட்டுட்டு நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில தூறல். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வெளிய வந்தேன். கொட்டாய்க்குள்ள கருவாடு ஜம்முனு தொங்குது. காரைக் காணோம்! பார்த்தா, கொல்லைச் சரிவுக்குக் கீழே, உப்பளப் பாத்தியில, பின்சக்கரம் ரெண்டும் முழுகி நிக்குது. கோயில்ல மணி அடிக்குது. வேலிக்கு அந்தாண்ட கலியபெருமாள் மாட்டுவண்டியைப் பூட்டிட்டு இளிக்கிறான்.

"அடிப்பாவி! என்னடி பண்ணே?"

"மழையில நனைஞ்சா கருவாடு புழுத்துடுமேங்க. அதான் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, காரை ஒரு முழம் வெளிய தள்ளச் சொன்னேன்" என்று சொல்லிட்டு, முதல் தடவையா என்னைப் பாராட்டினாள்:

"பிரேக்கை அருமையா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க, எங்கயும் பிடிக்கவே இல்லை!"