ஷரத்து அண்ணாச்சியின் மூன்றாம் விதி

இந்திய அரசியல் சட்டத்தைக் காவல் காக்க டில்லியில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருந்திருக்கலாம். அவர்களெல்லாம் அசந்தபோதும் அசராமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான்: வண்ணார்பேட்டை லாட்ஜில் எட்டாம் நம்பர் அறையில் குடியிருந்த ஷரத்து அண்ணாச்சி.

ஆள் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு சட்ட ஷரத்துதான் வந்து விழும் என்பதால் அந்தப் பெயரை வைத்தவன் நான். தொண்ணூறுகளில் பேப்பரில் ‘சட்டத் திருத்தம்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போச்சு. அடிப்படை உரிமையில் எவனாவது கை வைத்திருக்கிறானா என்று கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் பல் துலக்கவே போவார். மெஜாரிட்டி இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், சன்னலை மாற்றலாம், அஸ்திவாரத்தைத் தோண்டலாமா என்பது அவர் கட்சி. சலூனில் உட்கார்ந்தால், “மீசையத் திருத்திக்கோ வே, அடிப்படை அமைப்பு மாறப்பிடாது” என்பார். மெஸ்ஸில் ரசம் சப்பென்று இருந்த அன்று சமையல்காரரைக் கூப்பிட்டு, மிளகு, சீரகம் உன் இஷ்டம், புளியில் கை வைக்க உனக்கு அதிகாரம் கிடையாது என்று அரைமணி நேரம் வாதாடினார். மனுஷன் மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

எங்கள் லாட்ஜில் யார் இருப்பது, யார் போவது என்பதை முதலாளி எங்களிடமே விட்டிருந்தார். அண்ணாச்சி சும்மா இருப்பாரா? ஒரு நோட்டில் எட்டு விதி எழுதி, பதினாறு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். முதல் இரண்டும் தண்ணீர், கக்கூஸ் சமாச்சாரம். மூன்றாவது இது: யாரையும் அவன் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் வெளியே அனுப்பக்கூடாது. அதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.

எனக்கும் அவருக்கும் அப்போது மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவருடைய பழைய சட்டப் புத்தகத்திலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு தாளில் நான் வடை எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டேன். தாளைப் பிரித்துப் பார்த்தால் பேச்சுரிமை. என் நேரம், வேறென்ன?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லாட்ஜில் யாரும் இல்லை. இலங்கை டி.வி.யில் தமிழ்ப் பாட்டுப் போடுவார்களே என்ற ஆசையில் மொட்டைமாடிக்குப் போய் ஆண்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினேன். பாட்டுக் கேட்டேன். பழையபடி திருப்பி வைக்கத்தான் மறந்துபோனேன். மறுநாள் காலை நான் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில் கிரிக்கெட் மேட்ச் தொடங்கியிருக்கிறது. டி.வி.யில் ஆளுக்குப் பதில் பொரி பொரியாகப் புள்ளிகள்.

மாடிச் சாவி என் அறையில் இருந்தது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஈரத் துண்டோடு நான் நுழைந்தபோது ஹாலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. லாட்ஜ் செயலாளராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் மூன்றாம் விதிக்கு ஒரு திருத்தம் வாசித்தார்: அவசரம் என்றால் விசாரணை வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு கை போதும். பதினாலு கைகள் தூக்கப்பட்டன. நான் வாயைத் திறந்தேன். திருத்தம் நிறைவேறிவிட்டது, இனி நீ பேச வேண்டியதில்லை என்றார் வாத்தியார். என்னை வெளியே அனுப்பவும் அதே கைகள் இறங்காமல் நின்றன.

அடுத்த ஞாயிறு, எனக்குப் பேசியிருந்த பெண்ணின் மாமா கல்லிடைக்குறிச்சியிலிருந்து லாட்ஜுக்கே வந்து என்னைப் பற்றி விசாரிப்பதாக இருந்தார். துரத்திவிட்டோம் என்று இவர்கள் சொன்னால் கல்யாணம் அம்பேல்.

அப்போது ஷரத்து அண்ணாச்சி எழுந்தார். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“பதினாலு இல்ல, பதினாலாயிரம் கை தூக்குனாலும் இது செல்லாது வே. மூணாம் விதிய எடுத்துட்டா மத்த ஏழும் வெறும் காயிதம்.”

பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். “வாத்தியாரே, ஒம்ம குறட்டைக்கு என்னைக்கு அவசரம் வந்தாலும் பதினஞ்சு கை நிச்சயம்.” அடுத்து ஏழாம் நம்பர்காரரின் ஷூ நாற்றம். அடுத்து பாத்ரூமில் ஒருமணி நேரம் பாடுகிறவர். யார் பேரும் விடுபடவில்லை. கைகள் பைய இறங்கின. வாத்தியார் கை கடைசியாக இறங்கியது.

என்னைக் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். திட்டினார்கள், சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு மேட்ச் முடியும்வரை மாடியில் நின்று ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அண்ணாச்சி ஒரு டம்ளர் டீயோடு மாடியேறி வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு இது:

“நீ திருப்புனத அன்னைக்கே கீழ தெருவுல நின்னு பாத்தேம்லே.”

பிறகு எதற்காக எனக்காகப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

“ஒனக்கு யாரு பேசுனா? மூணாம் விதிக்குல்லா பேசுனேன்.” ஆண்டெனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “ஒன் பொண்ணோட மாமா வந்துட்டுப் போயிட்டாரு. எங்கிட்டதான் கேட்டாரு.”

என்ன சொன்னீர்கள் என்றேன்.

“கேட்டா உள்ளதச் சொல்லுத பயன்னு சொன்னேன். வேற நல்லதா ஒண்ணும் ஆம்பிடல. அவருக்கு அது போதுமாம்.”

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஆண்டெனாவை அவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். “பைய குடிலே. அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கிடுதேன்.”

டீ ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் அவர் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாமே என்று, சொட்டுச் சொட்டாகத்தான் குடித்தேன்.