பின்வண்டி ஓட்டுநர் பாண்டிச்செல்வி

வண்டி என்று ஒன்று இருந்தால் ஓட்டுநர் என்று ஒருவர் இருக்க வேண்டும். இது உலகம் ஒப்புக்கொண்ட நியதி. ஒரகடத்தில் கார்க் கதவுக்கு ரப்பர் செய்யும் ஒரு தொழிற்சாலையும் இந்த நியதியை மனமார ஏற்றிருந்தது. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

இந்த நியதியில் பாண்டிச்செல்விக்கு மட்டும் ஒரு மனக்குறை உண்டு. வீட்டில் ஒரு சின்ன கார் இருந்தது. அதற்கு ஓட்டுநர் அவள் புருஷன் மாரிசெல்வம், அவன் ஒருவன்தான். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியேறிய ஆறு வருஷத்தில் அந்த ஸ்டீயரிங்கை அவள் துடைத்திருக்கிறாளே தவிரப் பிடித்ததில்லை. கேட்டால், "கிளட்ச்சு போயிரும்" என்பான். அவன் கையில் அது இரண்டு முறை போயிருந்தது.

மாவு அரைப்பது அவள் தொழில். இரண்டு கிரைண்டரில் ஆரம்பித்து, ஹாஸ்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கொடுத்து, கடைசியில் அந்த ரப்பர் தொழிற்சாலையின் கேன்டீனுக்கே இட்லி மாவு கொடுக்க ஆர்டர் பிடித்துவிட்டாள். அதை நம்பி மாரிசெல்வம் அதே தொழிற்சாலையில் பார்த்துவந்த லைன் வேலையை விட்டான். தினமும் நான்கு டிரம் மாவு, காலை பத்தரைக்குள் கேன்டீனில் இருக்க வேண்டும். முதல் மாதத்தில் மூன்று முறை தாமதமானால் ஆர்டர் ரத்து. விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது, அதற்கு வெளியே நூறு பேர் நின்றார்கள்.

நான்கு டிரம் சின்ன காரில் ஏறாது. ஆகவே வாலாஜாபாத் வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று செய்து காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினார்கள். கழற்றி நிறுத்தினால் மூக்கு தரையில் குத்தாமலிருக்க முன்னால் மடக்குகிற மாதிரி ஒரு குட்டிச் சக்கரமும் வைத்தார் பட்டறைக்காரர். அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்தது தனிக் கதை. அதைத் தொடங்கினால் இந்தக் கதை இந்த வருஷம் முடியாது.

வெள்ளிக்கிழமை, முதல் நாள், பத்து மணிக்கே கேட்டில் போய் நின்றார்கள். செக்யூரிட்டி நாகப்பன் பிள்ளைப்பாக்கத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் கையில் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து சக்கரங்களை எண்ணினார்.

"ஆறு கீது."

"முன்னால நாலு, பின்னால ரெண்டு" என்றான் மாரிசெல்வம்.

"அதான் ஆறு. ஆறு வீல்னா சிஸ்டத்துல லாரி. லாரிக்கு ரெண்டு மணிக்கு மேலதான் என்ட்ரி."

"அண்ணே, இது காருண்ணே! கண்ணால பாக்கீங்கள்ல?"

"நான் பார்த்துக்கினுதான் இருக்கேன். சிஸ்டத்துக்குக் கண்ணு கெடையாதுப்பா." நாகப்பன் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். ரெண்டு வண்டினு போட்டுர்றேன். கார் ஒண்ணு, பின்னாடி வண்டி ஒண்ணு."

இரண்டாம் வண்டிக்கு ஓட்டுநர் பெயரைச் சிஸ்டம் கேட்டது. மாரிசெல்வம் என்று போட்டார். 'இந்த ஓட்டுநர் ஏற்கெனவே வேறு வண்டியில் இருக்கிறார்' என்றது. காலியாக விட்டால் சிவப்பானது. முடிவில் சேஃப்டி ஆபீசர் சாம்சனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து சிறப்பு அனுமதி எழுதி உள்ளே விட்டபோது மணி பதினொன்று இருபது. முதல் லேட் மார்க் கார் நம்பர்மேல் விழுந்தது. பின்வண்டிதான் இன்னும் சிஸ்டத்தில் பிறக்கவே இல்லையே.

சாம்சன் கெட்டவர் அல்ல. ஆயிரத்து நானூறு நாளாக அங்கே ஒரு விபத்தும் நடக்கவில்லை என்று கேட்டில் ஒரு பலகை இருந்தது. அந்த எண்ணைத் தினமும் ஒன்று கூட்டுவதுதான் அவர் வாழ்க்கை.

"பின்வண்டிக்கு ஒரு டிரைவர் வேணும்மா. வேற வழியில்ல. நீங்களே இருங்க" என்றார்.

"நானா?" என்றாள் பாண்டிச்செல்வி.

"இஞ்சினே இல்லாத வண்டிக்கு எதுக்கு சார் டிரைவர்?" என்றான் மாரிசெல்வம்.

"இஞ்சின் இருக்கா இல்லையான்னு ஃபார்ம்ல கேள்வியே கிடையாது தம்பி. டிரைவர் இருக்காரான்னுதான் கேள்வி."

சனிக்கிழமை அவளுக்குப் பயிற்சி. தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், தூக்கம் வந்தால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். பரீட்சையில் அவள் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினாள். சும்மா இருப்பானேன் என்று மாரிசெல்வமும் எழுதினான். பதினொன்று. பயிற்சி முடியும்வரை பின்வண்டி கேட்டிலேயே நின்றதால் இரண்டாவது லேட் மார்க்கும் கார்மேலேயே விழுந்தது. ஆனால் பாண்டிச்செல்வியின் கழுத்தில், புகைப்படத்தோடு, 'ஓட்டுநர்' என்று ஓர் அட்டை தொங்கியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே போனாள்.

"இன்னும் ஒரு லேட்டுன்னா நாம தெருவுலதான் நிக்கணும். நீ அட்டையத் தடவிட்டு இருக்க" என்றான் அவன்.

"தெருவுல நின்னாலும் டிரைவராத்தான நிப்பேன்" என்றாள் அவள்.

தொழிற்சாலைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாம்சன் கொடுத்த பட்டியலைப் பார்த்து வேலை நடந்தது. ஓட்டுநருக்கு இருக்கை உண்டா? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்வண்டியின் முன்பக்கம் போல்ட் போட்டு முடுக்கினார்கள். சீட் பெல்ட்? பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. ஸ்டீயரிங் நல்ல நிலையில் உள்ளதா? 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டம். 'தேவையில்லை' என்று மூன்றாவது கட்டம் போட அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் அதிகாரமில்லை. ஆகவே அதே கடையில் ஒரு ஸ்டீயரிங் வாங்கி, ஒரு குழாயின் தலையில் மாட்டி, போல்ட் போட்டான் மாரிசெல்வம். ஜம்மென்று சுற்றியது. அது சுற்றியதால் வேறு எதுவும் சுற்றவில்லை. ஹாரனுக்கு ரப்பர் உருண்டை வைத்த பாம் பாம். பிரேக் என்ற கட்டத்தில் மட்டும் அவன் தயங்கினான்.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கேட்டில் வைத்து அந்தக் கட்டத்தில் சாம்சனே 'ஆம்' என்று டிக் போட்டுக் கையெழுத்தும் இட்டார். "முன் வண்டி நின்னா பின் வண்டி நின்னுரும். அதுதான் பிரேக். சரி, கழட்டுங்க."

"எதை சார்?"

"கொக்கியை. உள்ள ரெண்டு வண்டிக்கு நடுவுல பத்து மீட்டர் இடைவெளி இருக்கணும். இப்ப ஒரு சாண்கூட இல்லையே!"

கொக்கியைக் கழற்றி, குட்டிச் சக்கரத்தை இறக்கி, நாகப்பன் கொடுத்த கயிற்றைப் பத்து மீட்டர் அளந்து கட்டினார்கள். மணி பத்து பதினெட்டு. இப்படியாக, தலையில் ஹெல்மெட், காலில் சேஃப்டி ஷூ, நெஞ்சில் பெல்ட்டோடு நான்கு டிரம் மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, பாண்டிச்செல்வி தன் வாழ்நாளின் முதல் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நாகப்பன் சல்யூட் அடித்தார்.

கேன்டீனுக்கு முன்னால் ஒரு சரிவு உண்டு. சரிவு தொடங்கும் இடத்தில் சரக்குத் தூக்கி வண்டி ஒன்று குறுக்கே வந்தது. மாரிசெல்வம் பிரேக் போட்டான். கார் நின்றது. கயிறு தொய்ந்தது. தொய்ந்த கயிறு கொக்கியிலிருந்து நழுவியது. பின்வண்டி நிற்கவில்லை.

"என்னங்க!" என்று கத்தினாள் பாண்டிச்செல்வி. உடனே பயிற்சி நினைவுக்கு வந்து, பாம் பாம் என்று இரண்டு முறை அடித்து, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். சாலையில் இருந்த ஒரு மேட்டில் குட்டிச் சக்கரம் ஏறி அதுவாக வலப்பக்கம் திரும்பியது. பின்வண்டி காரை உரசாமல் தாண்டி, சரிவில் கடகடவென்று இறங்கி, கேன்டீன் வாசலில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டையில் மெத்தென்று முட்டி நின்றது. மூன்று டிரம் அப்படியே இருந்தன. நான்காவது மட்டும் எகிறி, நன்றாகப் பொங்கிய மாவை, முன்னதாகவே வந்து மணி பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற சாம்சன்மேல் தலையிலிருந்து கால்வரை ஊற்றியது.

சாம்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தெட்டு. சரக்குத் தூக்கி வண்டி விலகி, மாரிசெல்வம் காரை நகர்த்திக் கொண்டுவர மணி பத்து முப்பத்துமூன்று.

உடனே விசாரணை நடந்தது. ஆயிரத்து நானூற்று மூன்று நாள் ஆபத்தில் இருந்தது. வேறு சட்டைக்கு மாறியிருந்த சாம்சன்தான் விசாரணை அதிகாரி.

"முந்துனது யாரு? வளாகத்துக்குள்ள முந்துறது குற்றம்."

"பின்வண்டிதான் சார், தானா உருண்டுருச்சு. பிரேக்கே கிடையாதுல்லா" என்றான் மாரிசெல்வம்.

சாம்சன் தான் டிக் போட்ட தாளைப் பார்த்தார். அதில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். மிக அழகான கையெழுத்து.

"பிரேக் இருக்கு. நல்ல நிலையில இருக்கு. அதுக்கு ரெக்கார்டு இருக்கு" என்றார். "இஞ்சின் இல்லாத வண்டி இன்னொரு வண்டியை முந்த முடியுமா?"

"முடியாது சார்" என்றார் நாகப்பன்.

"அப்ப முந்தல. ஆனா பின்னாடி இருந்தது முன்னாடி வந்திருக்கு. எப்படி? முன்னாடி இருந்தது பின்னாடி போயிருக்கு! தம்பி, நீ ரிவர்ஸ் எடுத்திருக்க."

மாரிசெல்வம் மனைவியைப் பார்த்தான். மூன்றாவது லேட் மார்க்கும் கார்மேல் விழுந்துகொண்டிருந்தது. புருஷனைக் காப்பாற்றினால் ஆர்டர் போகும். ஆர்டரைக் காப்பாற்றினால் புருஷன் போவான். பத்தொன்பது மார்க் வாங்கிய மூளை ஒரு நொடி வேலை செய்தது.

"சார், லேட்டு மூணும் காருக்குத்தான? எம் வண்டிக்கு ஒண்ணுகூட இல்லையே. நான் பத்து இருபத்தெட்டுக்கே வந்துட்டேன். ஆர்டர எம் வண்டி பேருக்கு மாத்திருங்க."

விதியில் அதற்குத் தடை இல்லை. விபத்து நடக்கவில்லை என்றும், கார் காரணமின்றிப் பின்னோக்கிச் சென்றதாகவும், அதனால் அதற்கு நிரந்தரத் தடை என்றும் அறிக்கை எழுதப்பட்டது. மாலையில் பலகையில் எண் ஒன்று கூடியது.

செவ்வாயிலிருந்து கார் கேட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கேன்டீன்வரை மாரிசெல்வம் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். நடந்து வருகிறவனுக்குச் சக்கரமே இல்லாததால் சிஸ்டம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றுச்சூழல் குழு வந்தது. புகை இல்லை, டீசல் இல்லை, சத்தம் இல்லை, எதிரே ஒரு வண்டி வருகிறது. குழு மெய்சிலிர்த்துப் போனது. போட்டோ எடுத்தது. பாண்டிச்செல்விக்கு 'பசுமை ஓட்டுநர்' விருது கொடுத்தது. இழுப்பவன் போட்டோவில் விழாமல் நறுக்கிவிட்டார்கள்.

அப்புறம் யாரால் நிறுத்த முடியும்? அடுத்த மாதம் மேனேஜர்கள் காரைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் பின்வண்டியில் உள்ளே வந்தார்கள். இழுக்க கான்ட்ராக்ட் ஆட்கள். இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் அந்த மோகம் பரவியது. கம்பெனிக்குக் கம்பெனி ஸ்டீயரிங்குக்குத் தோலுறை போட்டார்கள், ஒருவர் ஏழு வகைச் சத்தம் போடும் ஹாரன் வைத்தார். வாலாஜாபாத் பட்டறைக்காரர் இரண்டு ஷிப்ட் ஓட்டியும் ஆர்டர் தீரவில்லை. அத்தனை பேருக்கும் பாண்டிச்செல்விதான் பயிற்சியாளர். வளைவு வந்தால் எப்படித் திருப்ப வேண்டும் என்று அவள் வகுப்பெடுக்க, எம்.டி. முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

ஒரு நாள் கேன்டீன் வளைவில் பாண்டிச்செல்வி ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினாள். மாரிசெல்வம் வெயிலுக்கு ஒதுங்கி இடப்பக்கம் இழுத்தான்.

பாம் பாம்!

"நான் எங்கிட்டுத் திருப்புதேன், நீங்க எங்கிட்டுப் போறீங்க?"

அவன் கயிற்றைக் கீழே போட்டான். "ஏட்டி, அந்த ஸ்டீயரிங்கு ஒண்ணுத்தோடயும் சேரல. எங்கையாலதான போல்ட் போட்டேன்!"

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். எதிரே சாம்சன் தன் பின்வண்டியில் மிகக் கவனமாக வளைவை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எம்.டி. இரண்டு கையாலும் பிடித்து, நெற்றி வியர்க்க, நேராக ஓட்டிக்கொண்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்க. அவுக வண்டியிலயும் அதே போல்ட்டுதான்" என்றாள். "தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாக. அப்புறம் யாரு கம்பெனிய ஓட்டுறது?"

மாரிசெல்வம் எம்.டி.யைப் பார்த்தான். எம்.டி. அவனை வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தார். அவன் கயிற்றை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டான்.

"வலப்பக்கம் திருப்பப் போறேன். சேந்து திரும்புங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

அவன் திரும்பினான்.