சட்டம் வருவதற்குள் ஒரு கணவர்

மனிதனை நகலெடுக்கத் தடை விதிக்கும் மசோதா வெள்ளிக்கிழமை சபைக்கு வருகிறது என்று செய்தி வந்ததுதான் தாமதம், நகல் சுவாமியின் வாசலில் கூட்டம் முட்டி மோதியது.

"நடக்காத காரியத்துக்கு யாராவது சட்டம் போடுவாங்களா? யோசிச்சுப் பாருங்க!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் சுவாமி. அவர் வாயிலிருந்து யோசனை என்ற சொல் வந்தது அந்த ஒரு தடவைதான். கூட்டம் அதையும் காதில் வாங்கவில்லை.

செத்தவரின் முடி கொஞ்சம் போதுமாம். திரைக்குப் பின்னால் கண்ணாடிச் சாடிக்குள் ஆளே வளர்ந்து வந்துவிடுவாராம். காணிக்கையாக வீட்டை எழுதிக் கொடுக்கலாம், கடையை எழுதிக் கொடுக்கலாம். சுவாமிக்குப் பாரபட்சம் கிடையாது.

தையல்காரியும் வரிசையில் நின்றாள். கணவர் போய் ஒரு வருஷம். அவருடைய சீப்பில் சிக்கியிருந்த முடியை ஓர் உறையில் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பதிலுக்குத் தையல்கடையைத் தரப் போகிறாள். அது போனால் சோற்றுக்கு வழியில்லை என்று தெரிந்தேதான் வந்திருந்தாள். ஏக்கம் அவளை அந்தப் பாடு படுத்தியது.

"கடையக் குடுத்துட்டா, மாமா வந்து எங்க உக்காந்து தைப்பாரு?" என்றாள் கூட வந்த தங்கை.

"முதல்ல அவர் வரட்டும்டி."

"சரி, உறையக் குடு. நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

தங்கை கொடுத்த உறையோடு திரைக்குள் போன சுவாமி, முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்பினார். "வளர ஆரம்பிச்சுட்டார் தாயே! அதே மூக்கு! உன்னைத்தான் கேக்கறார். பசிக்குதாம்!"

தையல்காரி தேம்பித் தேம்பி அழுதாள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம் சாமி. மாமா முடி இருக்கிற உறை என் பையிலதான் இருக்கு. நீங்க வாங்கிட்டுப் போனது வேற உறை. அதுல இருக்கறது எங்க கடை வாசல்ல சட்டை மாட்டி வெச்சிருக்கிற பொம்மையோட தலைமுடி. நைலான். அதுக்கு ஏது பசி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பொம்மைக்குள்ளயும் உயிர்..." என்று சுவாமி இழுப்பதற்குள் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். சாடி காலி. அதன் மேல் சுவாமியின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. கணவரை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல வலித்தது. தங்கையிடமிருந்து உறையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வாடி, கடையத் திறக்கணும்" என்று நடந்தாள்.

வெள்ளிக்கிழமை சட்டம் நிறைவேறியது. மறுநாள், சிரித்த அதே கூட்டம் வேறொரு வாசலில் நின்றது. ஊருக்குள் ஒளிந்திருக்கும் நகல் மனிதர்களை மை போட்டுக் காட்டித் தருகிறாராம் ஒருவர்!

மனிதனை நகலெடுக்கத்தான் ஐயா தடை. ஏமாளியை நகலெடுக்க எந்தத் தடையும் இல்லை. அதற்குச் சட்டம் போடச் சபையால் ஆகாது. உங்கள் தலைக்குள் சும்மா கிடக்கிறதே மூளை என்று ஒரு சபை, அதுதான் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.